சுழி இல்லாத சூளை

வரைபடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பளத்தின் ஓரத்தைக் கிள்ளினால் வருமே, அந்தச் சத்தம்.

கடைக்குள் நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டோம். காகிதம் பறந்துவிடக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தேன். தூசி வரக் கூடாது என்று ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். உள்ளே வெந்துகொண்டிருந்தது. என் வேர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. அதற்கு நேர் கீழே, ஸ்கேனரின் கண்ணாடி மேல், எங்களில் மூத்தவரைவிடவும் மூத்த அந்தப் பழைய படம்.

"அசையாதக்கா" என்று சொல்லி, அஞ்சலை தன் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"கிழிஞ்சிடுச்சா?" என்றார் தணிகாசலம். படம் அவருடையது. "கிழிஞ்சுதா இல்லியா, வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

படத்தின் ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். கிழியவில்லை, உதிர்ந்திருந்தது. சுண்டுவிரல் நக அளவுக்கு ஒரு துண்டு கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. எங்களுக்கு வேண்டியிருந்த எழுத்து அதில்தான் இருந்தது.

இதைச் சொல்வதற்கு முன் ஒரு சின்ன பாக்கி. போன வாரம் இந்தப் பக்கத்தில் என் டைப்பிங் பெருமையை அளந்திருந்தேன். தமிழ் ஹையர் பரீட்சையில் ஒரு பிழைகூட விடாமல் அடித்தேன், பக்கத்து மெஷின்காரி என்னைப் பார்த்தே தப்பு விட்டாள் என்றெல்லாம். சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகர் பாராட்டி எழுதியிருக்கிறார். அவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். இதைப் படித்துவிட்டுப் பாராட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாலும் எனக்கு வருத்தம் இல்லை.

வியாழக்கிழமை வந்த காகிதம்

விருத்தாசலத்தில் ஜங்ஷன் ரோட்டில் என் கடை. ஜெராக்ஸ், ஸ்கேனிங், மனு எழுதுவது, ஆதாரில் பெயர் திருத்துவது எல்லாம் உண்டு. "ஜெராக்ஸ் அக்கா" என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். என் சொந்தப் பெயர் கேட்டால் பக்கத்துக் கடைக்காரரே யோசிப்பார்.

அஞ்சலை செராமிக் யூனிட் ஒன்றில் பொம்மை ஊற்றுகிறவள். கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும், இன்னும் சுடாத பச்சைப் பொம்மையை மூக்கும் காதும் உடையாமல் வெளியே எடுக்க வேண்டும். வேலை முடிந்து நேராக வந்தால் முழங்கைவரை வெள்ளை பூசியிருக்கும். அப்படித்தான் அந்த வியாழக்கிழமை வந்தாள்.

"இதப் படிச்சுச் சொல்லுக்கா. செல்விகிட்ட குடுத்தேன். படிச்சிட்டு அழுவுறா, என்னான்னு சொல்ல மாட்டங்குறா."

செல்வி அவள் மகள். நர்சிங் முடித்த பெண் அழுகிறாள் என்றால் எழுத்துக் கூட்டத் தெரியாமல் அழவில்லை. வாங்கிப் படித்தேன். அஞ்சலையும் அவள் உறவினர்களும் குடியிருக்கும் இடம் சுடுகாட்டுப் புறம்போக்கு. ஆக்கிரமிப்பை அகற்றப் போகிறார்கள். ஆட்சேபணை இருந்தால் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆவணத்தோடு ஆஜராக வேண்டும். பின்னால் கம்ப்யூட்டர் நகல் ஒன்று இணைத்திருந்தது. அதில் இடத்தின் வகை 'சு.பு.' என்று சுருக்கமாக இருந்தது.

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும். ஊர் ஓரத்தில் ஒரு மேடு, அதில் இருபது வீடு சொச்சம். அந்த மேட்டுக்குச் சூளைத் திட்டு என்று பெயர். அஞ்சலையின் ஆட்கள் ஓடு சுட்ட பெரிய சூளை அங்கே இருந்தது. பிறகு சூளை நின்றது, வீடுகள் வந்தன. இன்றைக்கும் அஸ்திவாரம் தோண்டினால் கருகிய ஓட்டுச் சில்லுதான் வரும். சுடுகாடு இருப்பது ஊருக்கு அந்தப் பக்கம், ஓடையைத் தாண்டி.

"எந்தப் பொணத்த எரிச்சாங்களாம் அங்க?" என்றாள் அஞ்சலை. "எங்கப்பாவையே ஓடையத் தாண்டித்தான் தூக்கிம்போனோம். ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரிந்தால் போதாது, காகிதத்துக்குத் தெரிய வேண்டும். சூளைப் புறம்போக்கு என்றால் மனைப் பட்டாவாவது கேட்டு நிற்கலாம். சுடுகாடு என்றால் கேட்கவே முடியாது. இடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

முன்பு பட்டா கேட்டபோதே பதிவில் சுடுகாடு என்று இருப்பது தெரிந்து, பழைய கையெழுத்து ஏட்டின் நகல் கேட்டு அவர்கள் மனுப் போட்டிருந்தார்கள். 'சிதிலமாகிவிட்டது, நகல் தர இயலாது' என்று ஒரு வரியில் பதில் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை நான் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற சர்வேயரைப் பிடித்தேன். "ஏடு போனா என்னம்மா, கிராமப் படம் ஒண்ணு இருக்குமே" என்றார் அவர். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊர்க் கணக்குப்பிள்ளையிடமும் ஒரு படி கொடுத்திருப்பார்களாம். துணியில் ஒட்டிய படம். அதில் குளம், சூளை, சுடுகாடு எல்லாம் கணக்குப்பிள்ளை தன் கையாலேயே முதல் எழுத்தோடு குறித்திருப்பாராம்.

அந்த ஊர்க் கணக்குப்பிள்ளை போய்ச் சேர்ந்து பல வருஷம். அவருடைய மகன்தான் தணிகாசலம்.

வடிகட்டித் துணி

தணிகாசலம் ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு செராமிக் யூனிட் வைத்திருக்கிறார். பியூஸ் கட்டை, அகல் விளக்கு, கொலுவுக்குப் பொம்மை. சனிக்கிழமை காலை நானும் அஞ்சலையும் போய் நின்றோம். எழுபதைத் தாண்டிய மனிதர். எதற்கு வந்தோம் என்று முழுதாகக் கேட்கவில்லை, "ஆமாமா, இருந்துது" என்றார்.

"இருந்துதா, இருக்குதா?" என்றேன்.

"நாலு ஊரு கணக்கு எங்கப்பாவுது. நாலு படம் இருந்துது. நல்ல துணிம்மா. நெருக்கமான நெசவு. ஒரு மணலு எறங்காது."

எனக்குப் புரியவில்லை. அஞ்சலைக்குப் புரிந்துவிட்டது. அவள் கண் முற்றத்து மூலையில் இருந்த தொட்டிக்குப் போனது. தொட்டியின் வாயில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அதன் வழியாகக் களிமண் கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று ஊர்களை அவர் அலசி வடிகட்டியாக்கியிருந்தார்.

"பழசுதானேன்னு..." என்று இழுத்தார். "ஒண்ணு மட்டும் இருக்குது. அதுல காயிதம் கெட்டியா ஒட்டினு வரமாட்டங்குது. நாளைக்கு லீவு, ஊற வெக்கலாம்னு எடுத்து வெச்சிருக்கிறேன்."

அது இன்னொரு தொட்டியின் விளிம்பில் சுருட்டி வைத்திருந்தது. தொட்டியில் தண்ணீரும் பிடித்தாயிற்று. அஞ்சலை ஓடிப்போய் அதைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நான் சுருளின் வெளி ஓரத்தில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் படித்தேன். அவளுடைய ஊர்தான்.

இனிமேல்தான் வேடிக்கை. நாங்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்த்ததும் தணிகாசலத்துக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. "எங்கப்பா கையெழுத்தும்மா இது. யார்கிட்டயும் குடுக்க முடியாது" என்றார். மூன்று அப்பா கையெழுத்தைக் கரைத்துக் குடித்த மனிதர். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். கடைசியில், படம் என் கடைக்கு வரும், அவரும் கூடவே வருவார், சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று ஒப்பந்தம் ஆனது.

இரண்டு விரல் அகலம்

படம் ஒரு மேல்துண்டு அளவு. என் ஸ்கேனரோ ஒரு நோட்டுப் பக்க அளவு. கடலூரில் பெரிய ஸ்கேனர் உண்டு. அதில் காகிதத்தை உருளைக்குள் இழுத்துத் துப்பும். இந்தப் படம் உள்ளே போனால் தூளாகத்தான் வெளியே வரும். ஆகவே ஸ்கேனரின் மூடியைக் கழற்றிவிட்டு, படத்தைக் கவிழ்த்துப் போட்டு, துண்டு துண்டாக எடுப்பது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு துண்டும் முந்தையதன் மேல் இரண்டு விரல் அகலம் ஏறியிருக்க வேண்டும். அப்போதுதான் பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று பொருத்த முடியும்.

முதலில் சுருளை விரிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. என் கைக்கு அது பழக்கமில்லை. அஞ்சலை என்னை ஒதுக்கிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். பச்சைப் பொம்மையை அச்சிலிருந்து எடுக்கிற கை. ஓர் அங்குலம் விரிப்பாள், நிறுத்துவாள், காகிதம் படியும்வரை காத்திருப்பாள், மறுபடி ஓர் அங்குலம். தணிகாசலம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாதிப் படம் முடிவதற்குள் ஒருமுறை கரண்ட் போனது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. ஸ்கேனரின் விளக்கு நடுவில் நின்றுவிட, அந்தத் துண்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தோம். மணி நாலரை.

சூளைத் திட்டு இருந்த பகுதி கடைசியில் வந்தது. படத்தின் பழைய மடிப்பு ஒன்று சரியாக அதன் மேலேயே ஓடியது. அதைக் கண்ணாடியில் வைத்தபோதுதான் அந்தச் சத்தம்.

நான் துண்டை எடுக்க நகத்தை நீட்டினேன். அஞ்சலை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எடுக்காதக்கா. அது விழுந்த எடத்துலயே கெடக்கட்டும். துணிய மட்டும் மேல எறக்கு. அப்பிடியே படம் எடு."

அவள் சொன்னதுதான் சரி. இருவரும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துப் படத்தைத் துண்டின் மேல் இறக்கினோம். ஸ்கேனரின் விளக்கு ஊர்ந்தது. அது ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்கு ஒரு வயது கூடியிருக்கும்.

கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கினேன். துண்டு ஒரு மயிரிழை விலகியிருந்தது, அவ்வளவுதான். கவிழ்த்த பானை போலச் சின்னதாக ஒரு படம். பக்கத்தில் கறுப்பு மையில் 'சூ.பு.' அந்தச் சூவின் சுழி, எழுதியவர் ரசித்துப் போட்டது போல முழுசாக, வட்டமாக இருந்தது.

"சூ... சூளை" என்றாள் அஞ்சலை. அப்புறம் சத்தமாக அழுதாள். தணிகாசலமும் மூக்கை உறிஞ்சினார். "எங்கப்பா சுழி அப்பிடித்தான் போடுவாரு" என்றார்.

நான் மட்டும் அழவில்லை. திரையில் இருந்த அந்தச் சூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் எண்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் சில மாதம் நான் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தேன். அரிசி மண்டிக்கு மேல் மாடியில் வரிசையாகக் கம்ப்யூட்டர். கிராமத்து ஏடுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். நாங்கள் பெண்கள் உட்கார்ந்து அப்படியே அடித்து ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் முடித்தே ஆக வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஓர் எண். அடித்த பக்கத்தின் அடியில் அந்த எண் தானாக விழும்.

அப்போது நாங்கள் பயன்படுத்திய எழுத்துருவில் சூ என்பதற்குத் தனி விசை. என் விசைப்பலகையில் அந்த விசை கெட்டிருந்தது. ஐந்து தடவை குத்தினால் ஒரு தடவை விழும். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "சு போட்டுட்டுப் போம்மா, அப்புறம் திருத்திக்கலாம்" என்றார். நானும் சு போட்டுக்கொண்டே போனேன். சூரியமூர்த்தியைச் சுரியமூர்த்தி ஆக்கினேன். படிக்கிறவர்களுக்குப் புரியாதா என்ன என்று நினைத்தேன். மேஜையில் நாங்கள் இதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறோம். அப்புறம் யாரும் திருத்தவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி நான் போய்விட்டேன்.

சுரியமூர்த்தி என்றால் புரியும். சூ.பு. என்பது சு.பு. ஆனால் சூளை சுடுகாடு ஆகிவிடும். அது அன்றைக்கு என் புத்தியில் படவே இல்லை.

மேஜையில் கிடந்த நோட்டீஸை மெதுவாக என் பக்கம் இழுத்தேன். இணைத்திருந்த நகலின் அடியில் பார்த்தேன். ஏழு. என் எண்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள் அஞ்சலை.

"சூடு" என்றேன். மின்விசிறியைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துண்டுகளைப் பொருத்தினேன். ஓடை ஓடையோடு சேர்ந்தது, வண்டிப்பாதை வண்டிப்பாதையோடு சேர்ந்தது. கை வேலை செய்ய, மனசு வக்கீலாகிவிட்டது. படம்தான் கிடைத்துவிட்டதே, அதுவே போதுமே, நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? ஊர்ப்பட்ட மனுவை நான்தான் அடிக்கிறேன், தெரிந்தால் நாளை யார் என் கடைக்கு வருவார்கள்? கெட்டது விசை, நான் என்ன செய்வேன்? இப்படியே நாள் போனது. சாயங்காலம் அஞ்சலை ஒரு தூக்கில் கறிக்குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அதை என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

பதினொரு மணி

விசாரணை அதிகாரி சிடுசிடுக்கிறவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பொறுமையான மனிதர். நான் பிரிண்ட் போட்ட படத்தை விரித்து நிதானமாகப் பார்த்தார். தணிகாசலம் அசல் படத்தை ஒரு புடவைப் பெட்டியில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். அதையும் வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். உதிர்ந்த துண்டை ஒரு சின்ன கவரில் போட்டு வைத்திருந்தோம்.

"இந்த ஒரு எழுத்து மட்டும் தனியா வந்திருக்குதே" என்றார்.

"மடிப்புல உதிர்ந்துடுச்சுங்க" என்றேன்.

"நான் உங்கள நம்பாம கேக்கலம்மா. ஆனா நாளைக்கு எங்கிட்ட கேப்பாங்க. கம்ப்யூட்டர்ல இப்ப எதத்தான் செய்ய முடியாது? பழைய ஏடு இல்ல. ஒரு பக்கம் உதிர்ந்த துண்டு, இன்னொரு பக்கம் அரசாங்கப் பதிவு. பதிவு தப்புன்னு நான் எத வெச்சு எழுதறது?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். மனு எழுதுகிறவள், சட்டம் தெரிந்தவள், அக்கா ஏதாவது சொல்வாள் என்கிற பார்வை. இன்னும் ஒரு நிமிஷம் நான் சும்மா இருந்தால் அவர் அடுத்த கோப்பை எடுத்துவிடுவார்.

"அந்தப் பதிவ அடிச்சது நான்தாங்க" என்றேன்.

அதிகாரி நிமிர்ந்தார்.

"நகலுக்கு அடியில ஏழுன்னு இருக்குது பாருங்க. அது என் நம்பரு. என் மெஷின்ல சூ விழாது. எல்லாத்துக்கும் சு போட்டேன். நம்பலன்னா அந்த ஊரு பதிவு மொத்தத்தையும் தொறந்து பாருங்க. ஒரு எடத்துலயும் சூ இருக்காது."

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பித் தேடினார். சுரியமூர்த்தி. சுசைநாதன். சுரியகாந்தி அம்மாள். மறுபடி சுரியமூர்த்தி. ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். ஏழாம் எண் போட்ட அத்தனை பக்கத்திலும் ஒரு சூகூட இல்லை. பக்கத்து ஊரைத் திறந்தார். அது பன்னிரண்டாம் எண் அடித்தது. அங்கே சூரியமூர்த்திகள் ஒழுங்காக இருந்தார்கள்.

"இத எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேங்க."

அங்கேயே உட்கார்ந்து கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் எழுதி முடிக்கும்வரை அஞ்சலை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதிகாரி நடவடிக்கையை நிறுத்திவைத்து, பதிவைத் திருத்தப் பரிந்துரை எழுதினார்.

வெளியே வந்தோம். தணிகாசலம் பெட்டியை அணைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினார். நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாண்டுவரை நடந்தோம். கருவேப்பிலங்குறிச்சி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏறப் போனவள் திரும்பினாள்.

"எம் பொண்ணப் பாக்க ரெண்டு எடத்துலருந்து வந்தாங்க. பொண்ணு புடிச்சிருக்குதுன்னாங்க. அப்புறம் சுடுகாட்டுலருந்து பொண்ணு எடுக்க மாட்டோம்னு சொல்லி அனுப்பினாங்க. உங்களுக்குத் தெரியுங்களா அது?"

எனக்குத் தெரியாது. அதைவிட, 'அக்கா' போய் 'உங்களுக்கு' வந்துவிட்டது என் காதில் விழுந்தது. அவள் ஏறியதும் பஸ் போய்விட்டது.

ஒரு பலகை

திருத்த உத்தரவு சில மாதம் கழித்து வந்தது. நோட்டீஸ் ரத்து. பட்டா இன்னும் வரவில்லை, மனு நடந்துகொண்டிருக்கிறது. அந்த உத்தரவின் நகலை அஞ்சலை வேறு கடையில் எடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது வலித்தது. வலிக்க வேண்டியதுதான் என்றும் இருந்தது.

வரைபடத்தின் கோப்பு என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன். அசலைத் தணிகாசலம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். வருகிறவர்களிடம், தானே அதைக் காப்பாற்றியதாகச் சொல்கிறாராம்.

போன மாதம் ஒரு மத்தியானம் அஞ்சலை கடைக்குள் வந்தாள். முழங்கைவரை வெள்ளை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தெரு முனையில் பதிக்க ஒரு பீங்கான் பலகை செய்கிறாளாம். யூனிட்டில் சூளையில் வைத்துத் தர ஒத்துக்கொண்டிருக்கிறார்களாம். 'சூளைத் திட்டு' என்று எழுத வேண்டும். எழுத்தை வெட்டி வைத்து வண்ணம் தடவ, பெரிய அச்சில் காகிதம் வேண்டும்.

நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். இப்போதைய விசைப்பலகையில் சூ நன்றாகவே விழுகிறது. இருந்தாலும் விரல் அதன் மேல் போய் நின்றுவிட்டது.

அஞ்சலை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

"சு மட்டும் அடிச்சுக் குடுக்கா" என்றாள். "சுழிய நான் போட்டுக்கறேன்."